தம்பிக்காக நான் எழுதிய நேயர் கருத்து

1

போன குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. டென்மார்க்கில் எங்கள் வீட்டு சோபாவில் நானும் மகள் அனுஷாவும் ஒரே போர்வைக்குள் கால்களை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். இளம் கிட்டார் கலைஞர்களைத் தேடும் போட்டி. இங்கே அது ஒரு திருவிழா மாதிரி. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், பெற்ற பிள்ளையின் பெயரை மறந்துவிட்ட பாட்டிமார்கூட யாருக்கு வாக்குப் போடுவது என்பதில் தெளிவாக இருப்பார்கள்.

அன்று ஐந்து பேர் வாசித்தார்கள். முடிந்ததும் அனுஷா கைத்தொலைபேசியை எடுத்தாள்.

"அந்த மஞ்சள் சட்டக்காரனுக்குப் போடு. அவனுக்கு அப்பா இல்லையாம். அம்மா பேக்கரியில வேலையாம். பாவம்" என்றேன்.

பதினைந்து வயது மகள் தலையை நிமிர்த்தாமல் டேனிஷில் கேட்டாள்: "அதுக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் அம்மா?"

பிறகு வேறு யாருக்கோ வாக்கை அனுப்பினாள். அவளுக்கு அது அத்தோடு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவி வைத்திருந்த கோப்பைகளை மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன்.

இந்த மொழியில் 'ஸ்டெம்ம' என்று ஒரு சொல் இருக்கிறது. குரல் என்றாலும் அதுதான், வாக்கு என்றாலும் அதுதான், கிட்டாரில் சுருதி சேர்ப்பதும் அதுதான். வந்த புதிதில் மொழி வகுப்பில் அதை வைத்துப் படாத பாடு பட்டிருக்கிறேன். இன்னொரு நாள் முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து, ஆங்கில 'ஃபுல்' ஞாபகத்தில் அதே போல ஒலிக்கும் டேனிஷ் சொல்லைப் போட்டு, "நான் நல்ல போதையில் இருக்கிறேன்" என்று மேற்பார்வையாளரிடமே சொல்லியிருக்கிறேன். அந்த மாதிரிப் பிழைகளுக்கு எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், முடிந்துவிடும்.

நான் இங்கே எழுதப்போவது தமிழில் செய்த பிழை. இதுவரை யாரிடமும் சொல்லி நான் சிரித்ததில்லை.

2

என் ஊர் பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தொழிற்சாலையில் இருந்தார். எனக்கு ஒரே தம்பி, ஸ்டீபன். என்னைவிட எட்டு வயது இளையவன். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அவனைக் குளிப்பாட்டித் தலை சீவிப் பள்ளிக்குக் கூட்டிப் போனதெல்லாம் நான்தான்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அப்பா பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். நான் பதுளையில் தட்டெழுத்துப் படிக்கப் போனபோது பழக்கமாகி, இரு வீட்டாரும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கக் கல்யாணம் நடந்தது. அவர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டென்மார்க் வந்தார். நான் மூன்று வருடம் கழித்து வந்தேன். அந்த மூன்று வருடமும் கடுதாசிகளோடுதான் போனது. என் பிறப்புச் சான்றிதழில் தோட்டத்துப் பதிவாளர் என் பெயரை ஒரு மாதிரி எழுதியிருந்தார், பாடசாலைப் பதிவில் வேறு மாதிரி. இரண்டு பெயரும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க, தோட்டத்து ஆபீசுக்கும் கிராம சேவகருக்கும் கொழும்புக்கும் அலைந்தேன்.

இங்கே இருக்கும் தமிழர்களில் அநேகம் பேர் யாழ்ப்பாணத்தார். கோயிலிலோ பிறந்தநாள் விழாவிலோ புதிதாக ஒருவரைக் கண்டால் முதல் கேள்வி, "நீங்கள் எவடம்?" நான் "பதுளை" என்பேன். "ரவுணோ?" என்பார்கள், நகரத்துக்குள்ளேயா என்று. தலையை ஆட்டுவேன். தோட்டம் என்று சொன்னதில்லை. லயத்தில் வரிசையாக இருந்த அறைகளில் ஒன்றில் பிறந்தேன் என்று சொன்னதில்லை. யாரும் என்னை அவமதிக்கவில்லை. அவமதிக்க நான் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பேச்சைக்கூட மாற்றிக்கொண்டேன். "ஆமாங்க" போய் "ஓம்" வந்தது.

அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும் பழைய வாய் திரும்பி வரும். அப்போது அனுஷா, "அம்மா, நீங்க வேற ஆள் மாதிரிக் கதைக்கிறீங்க" என்று சிரிப்பாள்.

3

ஸ்டீபனுக்குக் கிட்டார் கிடைத்தது தோட்டத்து மாதா கோயிலில். பாடகர் குழுவுக்கு யாரோ கொடுத்து, ஒரு கம்பி அறுந்து, சாமான் அறையில் கிடந்தது. அதை எடுத்துத் தானாகவே தட்டித் தடவிப் பழகினான். பிறகு பண்டாரவளையில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கடைக்காரர் முஸ்லிம். அண்ணன் என்ற பொருளில் அவரை எல்லோரும் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். திருத்த வந்த கேசட் ரெக்கார்டர்கள் சரியாகிவிட்டனவா என்று பார்ப்பதற்காக நாள் முழுக்கப் பாட்டு ஓடும் கடை அது. அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அவன் கை வளர்ந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் கொழும்பில் ஒரு தொலைக்காட்சி, கிட்டாருக்கென்றே தமிழில் ஒரு போட்டியை ஆரம்பித்தது. நானாதான் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து ஸ்டீபனின் மேசையில் வைத்தாராம். அடையாள அட்டையில் ஒரு பெயர், ஞானஸ்நானச் சான்றிதழில் ஒரு பெயர் என்று அவனுக்கும் அதே கதை. அது யுத்த காலம். மலைநாட்டுத் தமிழ் இளைஞன் ஒருவன் நீளமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிக் கொழும்புக்குப் போவது லேசான காரியமில்லை. கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். திறந்து காட்டியதும் ஒரு சிப்பாய், "வாசிக்கத் தெரியுமா?" என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறான். ரயில் மேடையிலேயே நின்று சிங்களத் துள்ளல் பாட்டான பைலா ஒன்றை வாசித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன் என்று ஸ்டீபன் போனில் சிரித்தான்.

முதல் சுற்றில் தேறினான். இரண்டாவதிலும் தேறினான்.

4

அந்த வாரங்களில் தோட்டம் எப்படி இருந்தது என்று அம்மா சொல்லிக் கேட்டதுதான்.

சனிக்கிழமை பின்னேரம் நிகழ்ச்சி. டிவி இருக்கும் வீடுகளில் உள்ளே இடமில்லாமல் ஜன்னலுக்கு வெளியேயும் ஆட்கள். வாக்கு அனுப்பக் கைத்தொலைபேசி வேண்டும், அதற்குத் தோட்டத்தில் சிக்னல் கிடையாது. ஏழாம் நம்பர் மலை உச்சிக்குப் போனால்தான் வரும். கைத்தொலைபேசி வைத்திருந்த நாலைந்து பேரின் பின்னால் ஒரு கூட்டமே மலையேறுமாம். "எம்பேருக்கு ஒன்னு போடு, எங்க வீட்டுக்காரரு பேருக்கு ஒன்னு போடு" என்று பெண்கள் சுற்றி நிற்பார்களாம்.

ஆளுக்கொரு கருத்து. "சிரிச்சுக்கிட்டே வாசிக்கச் சொல்லுங்க அவன." "அந்த நீலச் சட்ட வேணாம், டிவியில கறுப்பாத் தெரியுறான்." "குனிஞ்சு கையவே பாக்குறான், சனத்தப் பாக்கணும்ல." அடுத்த வாரம் அவன் வேறு சட்டை போட்டுக்கொண்டு போனான். அதற்கும் ஒரு கருத்து வந்தது.

எங்களுக்கு இங்கே அந்தத் தொலைக்காட்சி வராது. ஆனால் அவர்களுடைய இணையதளத்தில் நேயர் கருத்து என்று ஒரு பக்கம் இருந்தது. வேலை முடிந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் திறப்பேன். பாதிப் பேர் என்னைப் போல ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருப்பார்கள், வாசிக்கவே கண் வலிக்கும். ஒருவர் நடுவர்களுக்குக் காது கேட்பதில்லை என்பார். இன்னொருவர், கிட்டார் போட்டியில் எதற்குப் பாடுகிறார்கள் என்று கோபப்படுவார். ஸ்டீபனைப் பற்றி ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுவேன். அவனுக்கு ஏழாம் எண். 'ஏழாம் போட்டியாளர் பரவாயில்லை' என்று யாரோ எழுதியிருந்த ஒரு வரியை இரண்டு நாள் நினைத்து நினைத்து மகிழ்ந்திருக்கிறேன்.

நான்காவது சுற்றுக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் அவன் பெயரே இல்லாமல் போனது. கொழும்பு, கண்டிப் பையன்களைப் பற்றியே பேச்சு. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நானே எழுத உட்கார்ந்தேன். பெயர், 'ஒரு ரசிகை, ஐரோப்பா.' எழுதியது இது:

"ஸ்டீபன் ஓர் ஏழைத் தோட்டத் தொழிலாளியின் மகன். ஒழுகும் கூரைக்குக் கீழே, லயத்து அறையில் வளர்ந்தவர். மழை பெய்தால் தகரச் சத்தத்தில் கிட்டார் கேட்காது என்று நிறுத்திவிட்டு, மழை விடும்வரை காத்திருந்து வாசிப்பார். அவருடைய தாயார் இன்றும் முதுகில் கூடை சுமக்கிறார். இந்தப் பிள்ளைக்கு வாக்களிப்பது புண்ணியம்."

கணவர் பின்னால் வந்து நின்று வாசித்தார். "உம்மட தம்பி நல்லா வாசிக்கிறான். அதை எழுதினாப் போதாதோ?" என்றார்.

"உங்களுக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இருங்க" என்றேன்.

அம்மா வேலையிலிருந்து நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். கூடையோடு எழுதினால்தான் மனசு இளகும் என்று எனக்குள் இருந்த ஏதோ ஒன்று கணக்குப் போட்டது. பன்னிரண்டு வருடமாக இங்கே எந்தத் தமிழரிடமும் வாய் திறந்து சொல்லாத லயத்தை, என் பெயரை மறைத்துக்கொண்டு, அவன் பெயரில் உலகத்துக்கே சொன்னேன்.

5

அந்தச் சனிக்கிழமை, அவன் வாசித்து முடித்ததும், அறிவிப்பாளர் அந்தக் கருத்தை மேடையிலேயே வாசித்தார். பின்னணியில் சோகமாக ஒரு வயலினையும் போட்டார்களாம்.

பிறகு ஒருவர் ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்த சீடியில் நானே பார்த்தேன். ஸ்டீபன் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "ஒழுகும் கூரை" என்றதும் அவன் தலை சற்று நிமிர்கிறது. மழையைப் பற்றிய வரி வரும்போது அறிவிப்பாளரைப் பார்க்காமல் நேராகக் கேமராவைப் பார்க்கிறான். என்னைப் பார்ப்பது போலவே இருந்தது. நான் சீடியை நிறுத்திவிட்டேன். மீதியை மறுநாள்தான் பார்த்தேன்.

அறிவிப்பாளர் ஒலிவாங்கியை நீட்டுகிறார். ஸ்டீபன் சொல்கிறான்: "எங்கம்மா கொழுந்து எடுத்துத்தான் எங்கள வளத்தாங்க. அதுல எனக்கு எந்தக் கொறையும் இல்ல சார். இப்ப நான் வாசிச்சது எப்படி இருந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க."

சபையில் கைதட்டல். ஒரு நடுவர் கண்ணைத் துடைக்கிறார். இன்னொருவர், "மனசத் தொட்டுட்டீங்க தம்பி" என்கிறார். மூன்றாமவர் எழுந்து வந்து கட்டிப்பிடிக்கிறார். வாசிப்பு எப்படி இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்த வாரம் அதிக வாக்கு அவனுக்குத்தான். இணையப் பக்கம் முழுக்க அவன் பெயர். ஒருவர்கூட அவன் விரல்களைப் பற்றி எழுதவில்லை. எல்லாம் கூரையும் கூடையும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணினேன். வழக்கமான குரல்தான்.

"யாரோ ஒரு பொம்பள எழுதியிருக்கா பாப்பா. நம்ம கூர ஒழுகுதாம். ஒழுகலையே. போன வருசந்தான் தம்பி புதுத் தகரம் மாத்துனான். ஒங்கிட்டச் சொல்லலையா?"

"சொல்லலம்மா."

"நான் கூட சொமக்குறேன்னு வேற எழுதியிருக்கா. எல்லாரும் வந்து கேக்குறாங்க, என்னக்கா மறுபடி வேலைக்குப் போறியான்னு." பிறகு சொன்னார், "அவ யாரோ, நல்ல மனசுதான். ஆனா வந்து பாத்துட்டு எழுதியிருக்கலாம்ல."

நான் குளிர் கூடிவிட்டது, அனுஷாவுக்குச் சளி என்று என்னவோ சொல்லிப் போனை வைத்தேன்.

அடுத்த வாரம் தொலைக்காட்சிக்காரர்கள் தோட்டத்துக்கு வந்து படம் எடுக்கக் கேட்டார்கள். அம்மா கூடையோடு மலையில் நிற்க வேண்டும், வீட்டை உள்ளே காட்ட வேண்டும். ஸ்டீபன் முடியாது என்றான். "கூர ஒழுகல, அம்மா வேலைக்குப் போகல, எதப் புடிக்கப் போறீங்க?" என்று கேட்டானாம். மற்றப் போட்டியாளர்களின் வீடுகளையெல்லாம் காட்டினார்கள். அவனுக்கு மட்டும் ஒரு புகைப்படத்தைப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார்கள். அந்தச் சுற்றோடு அவன் வெளியே வந்துவிட்டான். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ரயிலில் வந்து, திங்கட்கிழமை காலை கடையில் ஒரு ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

நான் போன் எடுத்து, "பரவால்ல தம்பி, இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு" என்றேன்.

"ஆமாக்கா" என்றான்.

அதற்கப்புறம் மூன்று வருடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

6

மகளின் அந்த ஒரு கேள்வி குளிர்காலம் முழுக்க என்னோடு நடந்தது. யுத்தம் முடிந்துவிட்டது என்றார்கள். ஓகஸ்டில் விடுமுறை எடுத்துக்கொண்டு அனுஷாவோடு ஊருக்குப் போனேன். ஆறு வருடத்துக்குப் பிறகு போகிறேன். கூரை நீல நிறத் தகரம். அம்மா என்னை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் அதைத்தான் காட்டினார்.

மூன்றாம் நாள் பண்டாரவளைக்கு இறங்கி ரேடியோ கடைக்குப் போனோம். கடையில் இப்போது பாதி இடம் கைத்தொலைபேசிகளுக்கு. நானாவுக்கு வயதாகியிருந்தது, கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஸ்டீபனின் காதோரம் நரை. அனுஷா ரேடியோக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தயங்கினால் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்தது.

"தம்பி, அந்தப் போட்டியில வாசிச்சாங்களே ஒரு லெட்டர். ஐரோப்பா ரசிகைன்னு. அது..."

"நீதான்" என்றான், கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்காமல்.

"எப்படிடா தெரியும்?" என்றேன்.

"மழ பேஞ்சா நிறுத்திட்டுக் காத்திருப்பான்னு எழுதியிருந்தியே. அது அம்மாவுக்கும் ஒனக்கும் மட்டுந்தான தெரியும். அம்மாவுக்கு எழுத வராது."

"அன்னைக்கே தெரியுமா? அப்பறம் ஏன்டா கேக்கல?"

"கேட்டா நீ ஒடஞ்சு போயிருவ. போன் எடுக்கிறத நிறுத்திருவ. அதான்." பிறகு மெல்லச் சொன்னான், "கோவம் இருந்துச்சுக்கா. இல்லன்னு சொல்ல மாட்டேன். பாவம்னு போட்ட வாக்குல ஜெயிச்சு, வெளிய எறங்குனப்ப எல்லாரும் தோள்ல தட்டிக் குடுத்தாங்க. நான் எப்படி வாசிச்சேன்னு எனக்கே மறந்து போச்சு. நானா மட்டுந்தான் திங்கக்கெழம கடையத் தொறந்ததும் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

ஸ்டீபனை மகன் என்றே அழைக்கும் நானாவே கல்லாவிலிருந்து பதில் சொன்னார்: "ரெண்டாவது கம்பி சுருதி எறங்கிட்டு, மகன் அதக் கவனிக்காம வாசிச்சிட்டாருன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

"அத நானும் கேட்டிருக்கணும்டா" என்றேன். அழுகை வந்துவிட்டது. வாடிக்கையாளர் ஒருவர் சார்ஜர் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டு போனார். ஸ்டீபன் எழுந்து முக்காலியைத் துடைத்து என்னை உட்கார வைத்தான். "விடுக்கா. நீ எனக்குத் தல சீவி விட்டவ" என்றான்.

அனுஷாவுக்கு எங்கள் பேச்சில் பாதிதான் விளங்கியிருக்கும். அவள் சுவரில் மாட்டியிருந்த கிட்டாரைக் காட்டி, தன் அரைகுறைத் தமிழில், "மாமா, நீங்க வாசிக்கிறது நான் ஒருநாளும் கேக்கேல்ல" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். சீடியில் பார்த்ததை விட்டால் நானும் வளர்ந்த ஸ்டீபன் வாசித்துக் கேட்டதில்லை. சீடியிலும் அவன் முகத்தைப் பார்த்தேனே தவிர வாசிப்பைக் கேட்கவில்லை.

அவன் கிட்டாரை இறக்கி, ஒவ்வொரு கம்பியாகச் சரிபார்த்து, வாசித்தான். தானே அமைத்ததாம், பெயர் வைக்கவில்லை. வெளியே பஸ்கள் ஹோர்ன் அடித்தன. மேலே ஏறிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நின்று, படபடவென்று கீழே இறங்கி வந்து முடிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"எப்படிக்கா?"

'நல்லாருக்கு தம்பி, ரொம்ப நல்லாருக்கு' என்பது வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"எறங்கி வர்ற எடத்துல அவசரப்படுற" என்றேன்.

அவன் முகம் சட்டென்று சுருங்கியது. "எங்க?"

"மேல போயி நின்னல்ல, அதுக்கு அடுத்தாப்ல. மூச்சு விடாம ஓடியாந்துட்ட."

"அது வேணும்னே செஞ்சது."

"வேணும்னே செஞ்சாலும் அவசரமாத்தான் இருக்கு."

"ஒனக்கு என்னக்கா தெரியும்? கிட்டாரத் தொட்டுப் பாத்திருப்பியா நீ?"

"தொடல. காது இருக்குல்ல எனக்கு."

"அக்கா சொல்றதுலயும் ஞாயம் இருக்கு" என்றார் நானா. "நீங்க சும்மா இருங்க நானா" என்றான் ஸ்டீபன். அனுஷா மாமன் பக்கம் சேர்ந்துகொண்டாள். வேகமாக இறங்கினால்தான் நல்லது, அம்மாவுக்கு எல்லாமே மெதுவாக இருக்க வேண்டும் என்று டேனிஷும் தமிழும் கலந்து வாதாடினாள். ஸ்டீபன் குரலை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன், எங்கள் பழைய தோட்டத்துத் தமிழில். தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

பூனாகலை பஸ் கடைக்கு முன்னாலேயே போனது. நாங்கள் ஏறவில்லை. ஸ்டீபன் முக்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஒரே இடத்தை மறுபடி மறுபடி வாசித்துக் காட்டினான்.

"இப்ப?"

"ம்ஹூம்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் பொறுத்து எறங்கு" என்றேன்.